கணப்பில் விறகா, கேஸ் லாக்கா: முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

வீட்டில் புதிதாகக் கணப்பு அமைக்க விரும்புபவரும், வாங்கிய வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கணப்பைப் பயன்படுத்த விரும்புபவரும் பெரும்பாலும் முதலில் கேட்பது, விறகு நல்லதா, கேஸ் நல்லதா என்பதைத்தான். கேள்வியில் தவறில்லை, ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கணப்பிலிருந்து உங்களுக்கு வெப்பம் வேண்டுமா, நெருப்பின் காட்சி வேண்டுமா என்பது முதலாவது. வீட்டிலுள்ள புகைபோக்கி எதைத் தாங்கும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் எரிபொருள் பற்றிய விவாதத்தில் பாதி தானாகவே முடிந்துவிடும்.

வெப்பமா, காட்சியா

சுவரில் பதித்த, முன்புறம் கதவில்லாத திறந்த கணப்பு அறையைச் சூடாக்கும் என்று நம்பியே பலர் அதில் இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கையை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. திறந்த கணப்பில் விறகு எரியும்போது பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் அறைக்கு வந்து சேர்கிறது. மீதி புகையோடு மேலே போய்விடுகிறது. அதோடு நிற்பதில்லை. எரியும் நெருப்பு மணிக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டர் காற்றை அறையிலிருந்து இழுத்துப் புகைபோக்கி வழியே வெளியேற்றுகிறது. அந்த இடத்தை நிரப்ப, கதவிடுக்குகள் வழியாகவும் சன்னல் விளிம்புகள் வழியாகவும் வெளியிலுள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. ஆகவே கணப்பின் முன்னால் அமர்ந்திருப்பவர் முகம் சுடும்போதே, வீட்டின் கடைசி அறையில் இருப்பவர் முன்பைவிட அதிகமாகக் குளிரை உணர்கிறார்.

இந்தக் குறை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1790-களிலேயே இயற்பியலாளர் கவுண்ட் ரம்ஃபோர்டு கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களை வெளிப்புறமாக விரித்து, புகை நுழையும் தொண்டைப் பகுதியைக் குறுக்கி, அறைக்குள் பாயும் வெப்பக் கதிர்களைக் கூட்டிக் காட்டினார். இன்றும் அவர் பெயரால் கட்டப்படும் கணப்புகள் சாதாரணக் கணப்பைவிட மேல். ஆயினும் திறந்த நெருப்பின் அடிப்படைக் குறை அவற்றிலும் முழுமையாக நீங்குவதில்லை.

திறந்த கணப்புக்குள் வைக்கப்படும், புகைபோக்கியைச் சார்ந்த கேஸ் லாக்கும் (விறகுபோல் செய்த செயற்கைக் கட்டைகளுக்கிடையே கேஸ் எரியும் சாதனம்) இதே குறையை உடையதுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எரிபொருள் மாறியதே தவிர, வெப்பம் வெளியேறும் வழி மாறவில்லை. எனவே குளிர்காலம் முழுவதும் ஓர் அறையைக் கணப்பினால் சூடாக வைக்க வேண்டும் என்பது நோக்கமானால், திறந்த விறகுக் கணப்பும் வேண்டாம், திறந்த கேஸ் லாக்கும் வேண்டாம் என்பதே என் கருத்து. அப்படிப்பட்டவர்கள் கண்ணாடிக் கதவுடன் மூடப்பட்ட சாதனத்தைத்தான் பார்க்க வேண்டும். அது விறகிலும் உண்டு, கேஸிலும் உண்டு. எப்போதாவது ஒரு மாலையில் நெருப்பின் முன் அமர்ந்திருப்பதே நோக்கம் என்றால் திறந்த வகைகள் போதும்.

புகைபோக்கியைப் பார்த்தல்

இருக்கும் கணப்பை நம்பித் திட்டமிடுபவர்கள் கடைக்குப் போவதற்கு முன் டார்ச் விளக்கும் சிறு கண்ணாடியும் எடுத்துக்கொண்டு கணப்புக்குள் குனிந்து பார்க்க வேண்டும். டாம்பர் எனப்படும் தடுப்புத் தகடு முழுமையாகத் திறந்து மூடுகிறதா, உட்சுவர் ஓடுகளில் விரிசல் உண்டா, இணைப்புச் சாந்து உதிர்ந்திருக்கிறதா, பறவைக்கூடு போன்ற அடைப்பு இருக்கிறதா என்பவை முதல் பார்வையிலேயே ஓரளவு தெரிந்துவிடும். உட்சுவரில் படிந்திருக்கும் கரியையும் கவனியுங்கள். தூளாக இருந்தால் தூரிகையால் போய்விடும். செதில் செதிலாக இருந்தால் சற்றுக் கடினம். தார் பூசியதுபோல் பளபளப்பாக இறுகியிருந்தால் அது கிரியோசோட் எனப்படும் புகைப் படிவின் முற்றிய நிலை, அதை நீங்களாகவே சுரண்ட முயலக் கூடாது. படிவின் தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரை எட்டினாலே சுத்தம் செய்ய வேண்டும் என்பது புகைபோக்கித் தொழிலாளர்கள் பின்பற்றும் அளவுகோல்.

கூரைக்கு மேலுள்ள உயரமும் முக்கியம். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 90 சென்டிமீட்டர் உயரமும், 3 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எந்தக் கூரைப் பகுதியையும்விட 60 சென்டிமீட்டர் கூடுதல் உயரமும் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. இது குறைந்தால், காற்று ஒரு திசையிலிருந்து வீசும் நாள்களில் மட்டும் புகை அறைக்குள் திரும்பும். காரணம் புரியாமல் வீட்டார் விறகைக் குறை சொல்வார்கள்.

புகைபோக்கி புகையை மேலே இழுக்கும் இழுவையைச் சோதிக்க எளிய வழி உண்டு. டாம்பரைத் திறந்து, கணப்பின் மேல்விளிம்புக்கு அருகே புகையும் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்நோக்கிச் சாய்ந்து மேலேறினால் நல்லது. அறைப்பக்கமாக வந்தால், சமையலறையின் காற்று வெளியேற்றும் விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு சன்னலைச் சிறிதளவு திறந்து மீண்டும் பாருங்கள். அப்போது சரியானால் சிக்கல் புகைபோக்கியில் இல்லை, காற்றுப் புகாதபடி இறுக்கமாகக் கட்டப்பட்ட வீட்டில் இருக்கிறது என்று பொருள். அத்தகைய வீட்டில் திறந்த கணப்பு எதுவானாலும் தொல்லைதான்.

இவையெல்லாம் முதற்கட்டப் பார்வை மட்டுமே. தகுதி பெற்ற ஒருவர் கேமராவை உள்ளே செலுத்திப் பார்த்து எழுதித் தரும் அறிக்கையில்லாமல், பழைய புகைபோக்கி ஒன்றில் எந்த நெருப்பையும் மூட்டக் கூடாது. ஆலையில் செய்து பொருத்தப்பட்ட உலோகக் கணப்பாக இருந்தால், உள்ளே ஒட்டப்பட்டுள்ள விவரத் தகட்டைத் தேடிப் படியுங்கள். கேஸுக்கு மட்டும் என்று அதில் இருந்தால் பேச்சு அத்துடன் முடிந்தது. அதன் மெல்லிய குழாய் விறகு நெருப்பின் வெப்பத்தைத் தாங்காது.

ஒரே பெயரில் விற்கப்படும் மூன்று பொருள்கள்

கேஸ் கணப்பு என்று கேட்டால் கடைக்காரர் காட்டக்கூடியவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சாதனங்கள். இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள்.

முதலாவது, புகைபோக்கியைச் சார்ந்த கேஸ் லாக். விறகு எரிக்கத் தகுந்த கணப்புக்குள் ஒரு பர்னரை வைத்து, அதன் மேல் செராமிக் இழையாலோ வெப்பம் தாங்கும் சிமெண்டாலோ செய்த கட்டைகளை அடுக்குவது. சுடர் மஞ்சளாக உயர்ந்து கட்டைகளைத் தழுவும். பார்வைக்கு விறகு நெருப்பை மிக நெருங்கியது இதுதான். டாம்பர் தற்செயலாக மூடிக்கொள்ளாதபடி அதில் ஒரு பிடிப்பானை மாட்டி நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும். அதனால் நெருப்பு இல்லாத நேரத்திலும் வீட்டின் வெப்பம் அந்த இடைவெளி வழியே கசிந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, புகைபோக்கி தேவையில்லாத கேஸ் லாக். எரிந்து உண்டாகும் வாயுக்கள் அனைத்தும் அறைக்குள்ளேயே தங்குவதால் வெப்பமும் ஏறக்குறைய முழுமையாக அறையிலேயே நிற்கிறது. விற்பனையாளர் இதை 99 சதவீதத் திறன் என்று புகழ்வார். கணக்கு சரிதான், ஆனால் அந்தக் கணக்கில் நீராவியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேர்வதில்லை. மணிக்கு 40,000 பிடியூ (வெப்ப அலகு), அதாவது ஏறத்தாழ 12 கிலோவாட் அளவில் எரியும் சாதனம் ஒன்று ஒரு மணி நேரத்தில் சுமார் ஒன்றரை லிட்டர் நீரை ஆவியாக அறைக்குள் சேர்க்கும். சன்னல் கண்ணாடிகளில் நீர் வழிவதும், நாளடைவில் சுவர் மூலைகளில் பூஞ்சணம் பிடிப்பதும் இதனால்தான். காற்றில் 21 சதவீதம் அளவுக்கு இருக்கும் ஆக்சிஜன் 18 சதவீதத்தை நெருங்கினால் கேஸைத் தானாக அணைக்கும் உணரி இதில் உண்டு. ஆனால் அது கார்பன் மோனாக்சைடை அளப்பதில்லை. கலிபோர்னியா போன்ற சில இடங்களில் குடியிருப்புகளில் இவ்வகைக்கு அனுமதியே இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தைகளோ இருக்கும் வீட்டிற்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, நேரடி வெளியேற்றக் கேஸ் கணப்பு. கண்ணாடியால் முழுவதும் அடைக்கப்பட்ட பெட்டி. ஒன்றுக்குள் ஒன்றாக இரு குழாய்கள். வெளிக்குழாய் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும், உட்குழாய் எரிந்த வாயுவை வெளியே கொண்டுபோகும். அறைக்காற்றுடன் இதற்குத் தொடர்பே இல்லை. புகைபோக்கி இல்லாத வீட்டில் வெளிச்சுவரைத் துளைத்தும் பொருத்தலாம். திறன் பொதுவாக 70 சதவீதத்திற்கு மேல். வெப்பமும் வேண்டும், வேலையும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஒரே எச்சரிக்கை, அதன் முன்கண்ணாடி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அணைத்த பிறகும் நெடுநேரம் சுடும். தவழும் குழந்தைகள் இருந்தால் பாதுகாப்பு வலை இல்லாமல் ஒரு நாளும் பயன்படுத்தக் கூடாது.

விறகிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. இன்சர்ட் எனப்படும் கதவுள்ள இரும்புப் பெட்டியைப் பழைய கணப்புக்குள் செருகி, புகைபோக்கியின் உள்ளே மேல்முனை வரை எஃகுக் குழாய் ஒன்றை இறக்கிவிட்டால், 10 சதவீதம் தந்த கணப்பு 60 முதல் 80 சதவீதம் வரை தரும்.

விறகைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு

விறகுக் கணப்பின் வெற்றி தோல்வி முழுவதும் ஈரப்பதத்தில் இருக்கிறது. வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை நீராக இருக்கக்கூடும். எரிக்கத் தகுந்த விறகில் அது 20 சதவீதத்திற்குக் கீழே வர வேண்டும். மரத்திலுள்ள ஆற்றலில் பாதிக்கு மேல், சூடேறும்போது அதிலிருந்து வெளிவரும் வாயுக்களில்தான் இருக்கிறது. அந்த வாயுக்கள் தீப்பிடிக்கச் சுமார் 600 டிகிரி வெப்பம் தேவை. பச்சை விறகில் நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் சூடு தணிந்துவிடுவதால் வாயுக்கள் எரியாமல் புகையாக மேலேறி, குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் கிரியோசோட்டாகப் படிகின்றன. கண்ணுக்குத் தெரியும் புகை எல்லாம் நீங்கள் விலை கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட எரிபொருள். அது படிந்த இடத்தில் பின்னொரு நாள் தீப்பிடிக்கும்.

விறகைக் காய வைக்க, முதலில் பிளக்க வேண்டும். பட்டையோடு முழு உருளையாகக் கிடக்கும் கட்டை ஆண்டுக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பிளந்த துண்டுகளைத் தரையில் படாதவாறு சட்டத்தின் மேல் ஒற்றை வரிசையாக அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். முழுவதையும் தார்ப்பாயால் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மென்மரங்களுக்கு ஆறு மாதமும், பெரும்பாலான வன்மரங்களுக்கு ஓராண்டும், ஓக் போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் வரையிலும் தேவைப்படும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கட்டையின் வெளிப்பக்கத்தில் அளக்காமல், அப்போதே பிளந்த உட்பக்கத்தில் அளக்க வேண்டும். விற்பவர் காய்ந்தது என்று சொல்வதும், கருவி காட்டுவதும் அடிக்கடி வேறுபடும். விலை பேசும்போது எடைக்கு வாங்காமல் அடுக்கிய கன அளவுக்கு வாங்குங்கள். எடைக்கு வாங்கினால் நீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள்.

வண்ணம் பூசிய மரம், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரம், பிளைவுட், கடலில் ஒதுங்கிய கட்டை, பிளாஸ்டிக் கலந்த குப்பை ஆகியவற்றை எந்நிலையிலும் எரிக்கக் கூடாது. மருந்தேற்றிய பழைய மரங்களில் ஆர்செனிக் இருக்கலாம். எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் வரும்.

மூட்டும் முறையிலும் வழக்கத்தை மாற்றிக்கொள்வது நல்லது. சுள்ளியைக் கீழே வைத்துப் பெரிய கட்டைகளை மேலே அடுக்குவதற்குப் பதிலாக, பெரிய கட்டைகளை அடியில் வைத்து, நடுத்தரத் துண்டுகளை அவற்றின் மேலும், சுள்ளியை உச்சியிலும் வைத்து மேலிருந்து பற்றவையுங்கள். கீழேயுள்ள கட்டை மெதுவாகச் சூடேறி வெளியிடும் வாயு, மேலே ஏற்கெனவே எரியும் சுடரைக் கடந்து செல்வதால் அதுவும் எரிந்துவிடுகிறது. புகை வெகுவாகக் குறையும். புகைபோக்கி குளிர்ந்திருந்தால், முறுக்கிய செய்தித்தாளைக் கொளுத்தி அதன் வாயருகே சிறிது நேரம் பிடித்து இழுவையை உண்டாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

சாம்பலை அலட்சியப்படுத்தாதீர்கள். மேலே சில்லென்று இருக்கும் சாம்பலுக்குள் நீறுபூத்த நெருப்பு நாள்கணக்கில் உயிரோடிருக்கும். இறுக்கமான மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டையும் மரத்தாலான எதையும் ஒட்டாமல் வெளியே வைக்க வேண்டும். காகிதப் பையும் பிளாஸ்டிக் கூடையும் வேண்டவே வேண்டாம். வாக்குவம் கிளீனரும் அப்படியே.

கேஸ் லாக் பொருத்துபவர்களுக்கு

கணப்பின் முன்பக்க அகலம், பின்பக்க அகலம், ஆழம், உயரம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொண்ட பிறகே கட்டைத் தொகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன் அகலத்தை மட்டும் பார்த்து வாங்கிய தொகுதி பின்னால் குறுகும் கணப்புக்குள் நுழையாது. அடுத்து, உங்கள் வீட்டுக்கு வருவது குழாய் வழி இயற்கை எரிவாயுவா, உருளையில் வரும் எல்பிஜியா என்பதை உறுதி செய்யுங்கள். இரண்டுக்கும் பர்னர் துளையின் அளவும் அழுத்தமும் வேறு. ஒன்றுக்குச் செய்ததை மற்றொன்றில் இணைப்பது ஆபத்து. இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே ஏறும். எல்பிஜி கனமானது, தரையோடு படர்ந்து பள்ளமான இடங்களிலும் நிலவறையிலும் தேங்கும். நிலவறையுள்ள வீட்டார் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

குழாய் வேலையை உரிமம் பெற்றவரிடமே விடுங்கள். முடிந்ததும் ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். பழைய கணப்பில் சாம்பல் கொட்டும் துளை இருந்தால் அதை முன்கூட்டியே அடைக்க வேண்டும். கட்டைகளைக் கையேட்டில் உள்ள படத்தின்படியே அடுக்க வேண்டும். அழகுக்காக இடம் மாற்றினால் சுடர் கட்டையில் மோதிக் கரி படியும், கார்பன் மோனாக்சைடும் கூடும். புகைபோக்கியைச் சார்ந்த வகையில் கண்ணாடிக் கதவு இருந்தால், எரியும்போது அது முழுமையாகத் திறந்திருக்க வேண்டும். கேஸ் கட்டைகளோடு சேர்த்து உண்மையான விறகையோ காகிதத்தையோ போடக் கூடாது.

மின்சாரம் அடிக்கடி தடைபடும் பகுதியானால் பற்றவைக்கும் முறையையும் கேளுங்கள். நிரந்தரமாக எரியும் பைலட் சுடரின் வெப்பத்திலிருந்தே வால்வை இயக்கும் மின்சாரத்தைப் பெறும் வகை மின்தடையிலும் வேலை செய்யும். ஆனால் பைலட் சுடர் இரவும் பகலும் கேஸைச் செலவழிக்கும். மின்னணு வகையில் அந்த வீண்செலவு இல்லை, பேட்டரி மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவை ஒப்பிடும் முறை

எரிபொருளின் விலையை மட்டும் பார்த்தால் விறகு மலிவாகத் தோன்றும். அறைக்கு வந்து சேரும் வெப்பத்திற்கு எவ்வளவு செலவாகிறது என்பதே சரியான கேள்வி. காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. திறந்த கணப்பில் அதில் 0.4 தான் அறைக்குக் கிடைக்கும், இன்சர்ட்டில் 3.2 வரை கிடைக்கும். எல்பிஜி ஒரு கிலோவில் 13.8, இயற்கை எரிவாயு ஒரு கன மீட்டரில் 10.5 என்ற அளவில் கொண்டு, சாதனத்தின் திறன் சதவீதத்தால் பெருக்கி, உங்கள் ஊர் விலையை அந்த விடையால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 60,000 பிடியூ எரிக்கும் புகைபோக்கி வகைக் கேஸ் லாக் ஒரு மணி நேரத்தில் 1.27 கிலோ எல்பிஜியைக் கேட்கும் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். இதனுடன் புகைபோக்கிச் சுத்தம், கேஸ் சாதனத்தின் ஆண்டுப் பராமரிப்பு, விறகு வைக்கும் இடம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கேஸ் வைத்தால் புகைபோக்கியைப் பார்க்கவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; எரிபொருள் எதுவானாலும் ஆண்டுக்கொரு முறை ஆய்வு தேவை.

புகையும் எச்சரிக்கைக் கருவியும்

விறகுப் புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்பவை. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் பிஎம் 2.5 துகள்களுக்கான ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் மட்டுமே. இதயநோயோ மூச்சுக்கோளாறோ உள்ளவர் வீட்டிலோ, ஒட்டியுள்ள அண்டை வீட்டிலோ இருந்தால் திறந்த விறகுக் கணப்பைத் தவிர்ப்பதே முறை. மேலும், சில நகரங்களில் காற்று மோசமாக உள்ள நாள்களில் விறகு எரிக்கத் தடை விதிக்கப்படுகிறது. வாங்குவதற்கு முன் உள்ளூர் விதியை விசாரியுங்கள்.

விறகானாலும் கேஸானாலும் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு அருகிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. கேஸ் மணம் வந்தால் விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியேறி, வெளியிலிருந்து அவசர உதவியை அழையுங்கள். புகைபோக்கிக்குள் உறுமல் ஓசையும் அதிர்வும் கேட்டால் அது உள்ளே தீப்பிடித்ததற்கான அடையாளம். எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும் ஓடுகள் வெடிக்கும். அதன் பிறகு, நெருப்பு அணைந்துவிட்டது என்பதற்காக, ஆய்வு செய்யாமல் மீண்டும் மூட்டக் கூடாது.

இன்னும் முடிவு வரவில்லை என்றால்

நல்ல நிலையிலுள்ள செங்கல் புகைபோக்கி உங்களிடம் இருந்து, மனம் இரண்டுக்கும் இடையே ஊசலாடினால், ஒரு குளிர்காலம் விறகு எரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். விறகு பிளப்பதும் சாம்பல் அள்ளுவதும் சலிப்பைத் தந்தால், அதே கணப்பில் கேஸ் லாக்கை வைத்துக்கொள்ளலாம்; பின்னாளில் மனம் மாறினால் பர்னரை அகற்றி, கேஸ் இணைப்பை முறையாக அடைத்து, டாம்பர் பிடிப்பானைக் கழற்றி, புகைபோக்கியை மறுபடி ஆய்வு செய்து விறகுக்குத் திரும்பவும் முடியும். கேஸுக்கென்றே செய்யப்பட்ட நேரடி வெளியேற்றப் பெட்டியைப் பதித்த பிறகு அந்த வழி கிடையாது. புதிதாகக் கட்டும் வீட்டில் புகைபோக்கி வேண்டுமா என்பதை அடித்தளம் போடும் முன்பே முடிவு செய்ய வேண்டியது அதனால்தான்.